அத்தியாயம் 8: தண்ணீரில் இறங்கப் பழகுதல்

நீரிலும் நிலத்திலும் இறங்கக்கூடிய சிறு விமானத்தில் பயிற்சி எடுப்பவருக்கு, தண்ணீரைத் தொட்ட பிறகு செய்யக் கிடைப்பது மிகக் கொஞ்சம். தவறாக இறங்கினால் விமானம் குப்புறக் கவிழ ஓரிரு நொடி போதும். சக்கரத்தைப் பார்ப்பது, காற்றைக் கணிப்பது, எடையைச் சரிபார்ப்பது, கதவுப் பிடி எங்கே என்று கைக்குப் பழக்குவது எல்லாம் உடம்பு உலர்ந்திருக்கும்போதே முடிந்திருக்க வேண்டும். இனி வருவதெல்லாம் இந்த ஒன்றின் விரிவுதான்.

எங்கே கற்கலாம்?

கீழ்பென்னாத்தூரைச் சுற்றி ஏரிகளுக்குக் குறைவில்லை. இதே திருவண்ணாமலை மாவட்டத்தில் தென்பெண்ணையின் குறுக்கே சாத்தனூர் அணை இருக்கிறது. ஆனாலும் தண்ணீரில் இறங்கும் பயிற்சிக்கு இங்கிருந்து புறப்படும் இளைஞர் வெகுதூரம் போக வேண்டும். தமிழ்நாட்டு ஏரி ஒன்றில் பறக்கும் படகுகள் வழக்கமாக இறங்கிய காலம் இரண்டாம் உலகப் போரின் காலம். சென்னையை அடுத்த செங்குன்றம் ஏரியில் பிரிட்டிஷ் விமானப் படையின் காட்டலினா விமானங்கள் நிலைகொண்டிருந்தன.

அதன்பின் இந்தியாவில் நடந்தவை சிறு முயற்சிகள். 2010 டிசம்பரில் அந்தமானுக்காக ‘ஜல் ஹன்ஸ்’ சேவை தொடங்கியது. 2020 அக்டோபர் 31 அன்று அகமதாபாத்தின் சபர்மதி ஆற்றுக்கும் கெவாடியாவுக்கும் இடையே விமானம் பறந்தது. 2024 நவம்பரில் கொச்சி போல்காட்டியிலிருந்து மூணாறு அருகே மாட்டுப்பட்டி அணைக்கு ஒரு வெள்ளோட்டம் நடந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நீர்விமானச் சேவைக்கான புதிய வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு வெளியிட்டது. இலங்கையில் சின்னமன் ஏர் நிறுவனம் 2013 முதல் காசல்ரீ, கொக்கல போன்ற நீர்நிலைகளில் செஸ்னா காரவன் விமானங்களை இறக்கிவருகிறது.

பயிற்சிக்கு என்று பார்த்தால் அமெரிக்காவின் ஃபுளோரிடாவும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவும் பழைய களங்கள். ஃபுளோரிடாவின் விண்டர் ஹேவனில் உள்ள ஜாக் பிரவுன் நீர்விமானத் தளம் 1963 முதல் இதே வேலையைச் செய்துவருகிறது. அமெரிக்காவில் தரை விமான உரிமம் வைத்திருக்கும் தனியார் விமானிக்கு, ஒற்றை எஞ்சின் நீர்விமானத் தகுதியைச் சேர்க்க எழுத்துத் தேர்வு இல்லை. பறந்து காட்டும் தேர்வு மட்டுமே. ஒரு சில நாளில் முடித்துவிடலாம். எளிதாகக் கிடைப்பதாலேயே, அந்தச் சில நாளில் எதைக் கற்றோம் என்று நீங்களே கணக்குப் பார்க்க வேண்டும்.

சக்கரம் கீழே, தண்ணீரும் கீழே

சிறு நீர்நில விமானங்களில் ஒரே தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. சக்கரம் கீழே இறங்கிய நிலையில் விமானம் தண்ணீரைத் தொடுவது. அடிப்பகுதி படகு வடிவத்தில் இருப்பது, தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டே வேகம் குறைவதற்காக. சக்கரம் கீழே நீட்டிக்கொண்டிருந்தால் அதுதான் முதலில் நீருக்குள் இறங்கும். ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது அந்த இழுவை மூக்கைக் கீழே பிடித்து இழுக்கும். வால் மேலே எழும். அமர்ந்திருப்பவர்கள் தலைகீழாக நீருக்குள் இருப்பார்கள். கிணற்று மேட்டிலிருந்து குதித்து, தட்டையாக விழுந்து வயிறு சிவந்தவர்களுக்குத் தண்ணீர் எவ்வளவு கெட்டியானது என்று விளக்க வேண்டியதில்லை.

எதிர்த்தவறும் உண்டு. சக்கரத்தை இறக்காமலே ஓடுபாதையில் இறங்கிவிடுவது. பெரும்பாலும் அடிப்பகுதி உராயும், பழுதுபார்க்கச் செலவாகும், விமானி நடந்து வெளியே வருவார். இரண்டும் ஒரே மறதிதான், விலை மட்டும் வேறு. தரையில் பணத்தோடு போவது தண்ணீரில் உயிரைக் கேட்கிறது. எனவே சந்தேகம் வரும் கணத்தில் இறங்காதீர்கள். த்ராட்டிலைக் கொடுத்து மேலே ஏறி, சுற்றிவந்து மறுபடி பாருங்கள்.

பழக்கமே இங்கே எதிரியாகும். உள்ளிழுக்கும் சக்கரம் உள்ள விமானத்தில் பழகியவருக்கு ‘இறங்குவதற்கு முன் சக்கரம் கீழே’ என்பது எலும்பில் ஊறியிருக்கும். செஸ்னா 152, 172 போன்றவற்றில் படித்தவருக்குச் சிக்கல் வேறு: சக்கரம் எப்போதும் கீழேயே இருந்ததால் அதைப் பற்றி யோசித்தே பழக்கமில்லை. மாலத்தீவின் ட்வின் ஆட்டர் நீர்விமானங்கள் பெரும்பாலும் வெறும் மிதவைகளோடு பறப்பதால் அங்கே இந்தத் தவறுக்கு வழியே இல்லை. ஓடுபாதையிலிருந்து புறப்பட்டு ஏரியில் இறங்கும் விமானத்தில்தான் ஆபத்து. புறப்பட்டதும் சக்கரத்தை மேலே எடுக்க மறந்தால், அந்த மறதி ஏரிவரை கூடவே வரும்.

இதற்கான முறை:

1. புறப்பட்டு நிலையான ஏற்றத்துக்கு வந்ததும் சக்கரத்தை மேலே எடுங்கள். தண்ணீரில் இறங்கப்போகும் நேரம்வரை அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

2. இறங்கும் சுற்றில் குறைந்தது மூன்று இடத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள்: “இது தண்ணீர். சக்கரம் மேலே.” ஓடுபாதை என்றால், “இது தரை. சக்கரம் கீழே.” எங்கே இறங்குகிறோம் என்பதை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு சக்கரத்தைச் சொல்வது முக்கியம். ‘சக்கரம் சரி’ என்று மட்டும் சொன்னால் எதற்குச் சரி என்ற கேள்வி விடுபட்டுப்போகும்.

3. விளக்கைப் பாருங்கள். பல நீர்நில விமானங்களில் சக்கரம் மேலே என்றால் நீலம், கீழே என்றால் பச்சை. தரை விமானத்தில் பச்சையைக் கண்டு நிம்மதி அடைந்து பழகிய கண்ணுக்கு, தண்ணீரின் மேல் அதே பச்சை அபாய அறிகுறி.

4. விளக்கை மட்டும் நம்பாமல் சக்கரத்தையே பாருங்கள். இறக்கையிலோ மிதவையிலோ அதற்கென்றே கண்ணாடி பொருத்தியிருப்பார்கள். சில விமானங்களில் ‘தண்ணீருக்காகச் சக்கரம் மேலே உள்ளது’ என்று குரலே அறிவிக்கும். அந்தக் குரல் காதில் விழுவதற்கும் மனத்தில் பதிவதற்கும் இடையே ஒரு பேச்சு குறுக்கிட்டால் போதும், பயனில்லை. கடைசிக் கட்டத்தில் காக்பிட்டில் வேறு பேச்சு வேண்டாம்.

5. இன்ஸ்ட்ரக்டர் கூட இருக்கிறார் என்ற தைரியம் வேண்டாம். அவர் பார்த்திருப்பார் என்று நீங்களும், நீங்கள் சொன்னதால் சரி என்று அவரும் இருந்துவிடுவது நடக்கக்கூடியதே. இருவரும் தனித்தனியே பார்த்து, தனித்தனியே சொல்ல வேண்டும்.

ஏரிக்கரையில் நின்று படிக்க வேண்டியவை

ஓடுபாதையில் காற்றுத் துணி இருக்கும், கோடு இருக்கும், கோபுரத்திலிருந்து குரல் வரும். ஏரியில் எல்லாவற்றையும் தண்ணீரே சொல்ல வேண்டும். இதைப் படிக்க வெளிநாடு போக வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் உங்கள் ஊர் ஏரி நிரம்பியதும் கரைமேல் போய் நில்லுங்கள்.

காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ, அந்தக் கரையோரம் அலையற்ற ஒரு பட்டை தெரியும். கரையும் மரங்களும் காற்றை மறைப்பதால் வருவது அது. மேற்குக் கரையோரம் தண்ணீர் அசையாமல் இருந்து, நடுவில் சிற்றலை ஓடினால், காற்று மேற்கிலிருந்து வருகிறது. செங்கல் சூளையின் புகை அதை உறுதி செய்யும். நீர்ப்பறவைகளும் பெரும்பாலும் காற்றை எதிர்நோக்கியே மிதக்கும். அலையின் தலையில் ஆங்காங்கே வெள்ளை நுரை உடையத் தொடங்கினால் காற்று ஏறத்தாழ 10 நாட், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டரைத் தொட்டுவிட்டது என்று கொள்ளலாம். இலகு ரக விமானங்கள் பலவற்றுக்கு ஓரடி அலையே எல்லை. உங்கள் விமானத்தின் கையேட்டில் உள்ள எண்ணே இறுதி முடிவு.

அடுத்து, தண்ணீருக்குள்ளும் அதன் மேலும் உள்ள தடைகளைக் கணக்கெடுங்கள். கோடையில் ஏரிக்குள் முளைத்த கருவேல மரங்கள் மழையில் தலைகூடத் தெரியாமல் முழுகியிருக்கும். வலையைக் கட்டிய மூங்கில்கள், மீன்பிடிப்பவர்களின் பரிசல், ஆகாயத்தாமரைத் திட்டு, ஏரியின் குறுக்கே போகும் மின்கம்பி ஆகியவை விமானத்திலிருந்து பார்த்தால் எளிதில் தென்படாது. நம் ஏரிகள் பலவும் விமானம் இறங்க உகந்தவை அல்ல என்று இந்தப் பயிற்சியிலேயே உங்களுக்கு விளங்கிவிடும். உரிய அனுமதி இல்லாமல் எந்த ஏரியிலும் அணையிலும் இறங்கக் கூடாது என்பது தனி.

இடத்தை மேலிருந்து நோட்டம் விடும்போது தாழப் பறக்கும் ஆசை வரும். 2017 மே 8 அன்று கலிபோர்னியாவின் பெரியெஸ்ஸா ஏரியில், ஐகான் ஏ5 என்ற இருவர் அமரும் நீர்நில விமானம் மலைச்சுவரில் மோதி இருவரும் இறந்தார்கள். ஓட்டியவர் அதைத் தயாரித்த நிறுவனத்தின் தலைமைச் சோதனை விமானி. தாழப் பறந்தபடி ஏரியின் ஒரு கிளைக்குள் தவறுதலாக நுழைந்துவிட்டார். இருபுறமும் நிலம் செங்குத்தாக உயர்ந்த பள்ளத்தாக்கு அது. மேலேறவோ திரும்பவோ இடம் போதவில்லை. நோட்டத்தைப் பாதுகாப்பான உயரத்திலிருந்தே முடியுங்கள். இறங்க மட்டுமல்ல, இறங்காமல் திரும்பவும் இடம் இருக்கிறதா என்று பார்ப்பதே நோட்டத்தின் வேலை.

கண்ணாடித் தண்ணீர்

காற்றே இல்லாத விடியற்காலையில் ஏரி வானத்தைப் பிரதிபலித்துக்கொண்டு கிடக்கும். புதியவருக்கு அது இறங்க ஏற்ற நேரமாகத் தோன்றும். அனுபவசாலிகள் அஞ்சுவது இதற்குத்தான். மேற்பரப்பில் ஒரு சுருக்கமும் இல்லாததால் தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று கண்ணால் அளக்க முடியாது. பத்தடி உயரத்திலேயே தொட்டுவிட்டோம் என்று நினைத்து மூக்கைத் தூக்கினால், விமானம் வேகமிழந்து விழும். இன்னும் உயரம் இருக்கிறது என்று நினைத்தால், தலையோடு தண்ணீருக்குள் போகும்.

தண்ணீரின் மட்டத்தைக் கண்ணால் தேடாமல் இருப்பதே வழி. கரைக்கு இணையாக, கரை உங்கள் பக்கத்தில் தெரியும்படி வாருங்கள். கரையின் செடி, பாறை போன்ற கடைசி அடையாளத்தின் அருகே தாழ்வாக வந்ததும் மூக்கை இறங்கும் நிலைக்குச் சற்றே உயர்த்தி, நிமிடத்துக்கு 150 அடிக்கு மேல் இறங்காதபடி த்ராட்டிலை அமைத்து, அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தானாக வந்து தொடும். தொட்ட பிறகே த்ராட்டிலைக் குறைக்க வேண்டும். இதற்கு வழக்கத்தைவிட நீளமான இடம் தேவைப்படும். அதை முன்பே அளந்து வையுங்கள். பொறுமை இழந்து நடுவில் த்ராட்டிலை மூடுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் பிழை.

துள்ளல்

தண்ணீரைத் தொட்டதும் விமானத்தின் மூக்கு மேலும் கீழுமாக ஆடத் தொடங்கி, ஒவ்வொரு முறையும் ஆட்டம் பெரிதானால் அது துள்ளல். மூக்கு மிகத் தாழ்ந்தோ மிக உயர்ந்தோ இருக்கும் நிலையில் வேகமாக ஓடினால் இது வரும். ஒவ்வொரு துள்ளலுக்கும் பதிலாகக் கட்டுப்பாட்டுக் கட்டையைத் தள்ளியும் இழுத்தும் துரத்தாதீர்கள். உங்கள் கை எப்போதும் அரை நொடி பிந்தியே செல்லும், ஆட்டம் கூடும். முதல் அசைவிலேயே மூக்கைச் சரியான நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்திப் பாருங்கள். அடங்கவில்லை என்றால் உடனே த்ராட்டிலை மூடி, கட்டையைப் பின்னால் பிடித்து வேகத்தைக் குறைக்க வேண்டும். மூன்றாவது துள்ளலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

சீரே, லேக் போன்ற விமானங்களில் எஞ்சின் இறக்கைக்கு மேலே உயரத்தில் இருக்கும். அவற்றில் த்ராட்டிலைக் கொடுத்தால் மூக்கு தாழும், குறைத்தால் உயரும். செஸ்னாவில் பழகிய கைக்கு இது நேர்எதிர். இறங்காமல் மேலேறும் நேரத்திலும் இதே குணம் காட்டும் என்பதால், போதிய உயரத்தில் பலமுறை செய்து பழகிய பிறகே தண்ணீருக்கு அருகில் செல்லுங்கள்.

எடையும் அடிநீரும்

1943 மே 17 அன்று அமெரிக்காவின் லேக் மீட் ஏரியில் ஹோவர்ட் ஹியூஸ் தம் சிகோர்ஸ்கி எஸ்-43 நீர்நில விமானத்தை இறக்கினார். இரட்டை எஞ்சின் கொண்ட பெரிய விமானம் அது. அவரும் புதியவர் அல்லர். 1938-இல் நான்கு நாளுக்குள் உலகைச் சுற்றிப் பறந்தவர். அரசுத் தகுதிச் சோதனைக்காகத் தண்ணீரில் இறங்கி ஏறும் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. வால் பக்கம் வழக்கமாக வைக்கப்படும் எடை அன்று உரிய இடத்தில் இல்லை. எடை மையம் முன்னே போயிருந்தது. தண்ணீரைத் தொட்டதும் மூக்கு குத்தி, விமானம் சுழன்று உடைந்தது. உடனிருந்தவர்களில் அரசு ஆய்வாளர் ஒருவரும் ஹியூஸின் பணியாளர் ஒருவரும் இறந்தார்கள்.

தரை விமானத்தில் எடை முன்னே கூடினால் மூக்கு கனக்கும், இறக்கம் கடினமாகும். நீரில் அதே கனம் படகு மூக்கைத் தண்ணீருக்குள் அழுத்திவிடும். சிறு விமானத்திலும் இதற்கு வாய்ப்பு உண்டு. கனமான இன்ஸ்ட்ரக்டர், முன்னே வைத்த பை, நங்கூரம், கயிறு எல்லாம் சேர்ந்தால் போதும். இவற்றோடு அடிநீரும் சேரும். படகுப் பகுதியிலும் மிதவை அறைகளிலும் கசிந்து தேங்கும் நீரை ஒவ்வொரு பறத்தலுக்கு முன்பும் பம்பு வைத்து இறைக்க வேண்டும். எவ்வளவு வந்தது என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள். நேற்றைவிட இன்று அதிகம் என்றால் எங்கோ விரிசல் இருக்கிறது.

கவிழ்ந்துவிட்டால்

2009 நவம்பர் 29 அன்று கனடாவின் சடுர்னா தீவருகே ஒரு பீவர் நீர்விமானம் புறப்பட்ட சற்று நேரத்தில் தண்ணீரில் விழுந்தது. இருந்த எட்டுப் பேரில் ஆறு பேர் மூழ்கி இறந்தார்கள். கதவுகளில் சில நெளிந்து திறக்க முடியாமல் போயிருந்தன. எளிதில் பெயர்த்தெடுக்கும் ஜன்னல்களும் பயணிகள் அணிந்தே இருக்கும் மிதப்புச் சட்டையும் வேண்டும் என்று கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பரிந்துரைத்தது. தண்ணீரில் விழுந்து மூழ்கிய விமானங்களில் நேர்ந்த உயிரிழப்புகளில் சுமார் 70 விழுக்காடு மூழ்கியதால் நேர்ந்தவை என்று அந்த விசாரணை சுட்டிக்காட்டியது. மோதலில் பிழைத்தவர்கள் வெளியேற முடியாமல் இறக்கிறார்கள் என்பதே அதன் பொருள். 2019-இல் கனடா, வணிக நீர்விமானிகளுக்கு நீருக்கடியிலிருந்து வெளியேறும் பயிற்சியைக் கட்டாயமாக்கியது.

ஏரியிலும் கிணற்றிலும் நீந்தி வளர்ந்தவர் என்பது நல்லதே. ஆனால் பெல்ட்டில் கட்டுண்டு, தலைகீழாக, மூக்கில் தண்ணீர் ஏறிய இருட்டில் கதவைத் தேடுவது வேறு வேலை. அதற்கான வரிசை:

1. இறங்குவதற்கு முன்பே ஒரு கையால் கதவுப் பிடியைத் தொட்டுப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டும் செய்து பாருங்கள். இறங்கும்போது கதவின் தாழை எடுத்துவைக்கலாமா என்பதைக் கையேட்டில் பார்த்து முடிவு செய்யுங்கள்.

2. மோதியதும் அசைவு அடங்கும்வரை இருக்கையிலேயே இருங்கள். பெல்ட்டை உடனே கழற்றினால் உடல் மிதந்து எங்கோ போய்விடும். எது மேல், எது கீழ் என்றே தெரியாது.

3. ஒரு கையால் கதவுச் சட்டத்தைப் பிடியுங்கள், விடாதீர்கள். தலைகீழானாலும் வலப்பக்கக் கதவு உங்களுக்கு வலப்பக்கம்தான்.

4. கதவையோ ஜன்னலையோ முதலில் திறங்கள். வெளியழுத்தத்தால் திறக்கவில்லை என்றால், உள்ளே நீர் நிறைந்ததும் எளிதாகும். கடைசியாக ஒரு மூச்சை இழுத்துவைத்துக்கொண்டு காத்திருங்கள்.

5. திறந்த பிறகே மறுகையால் பெல்ட்டைக் கழற்றி, பிடித்த கையால் உங்களை வெளியே இழுத்துக்கொள்ளுங்கள். காலை உதைக்க வேண்டாம். பின்னால் வருபவரின் முகத்தில் படும்.

6. மிதப்புச் சட்டையை வெளியே வந்த பிறகே ஊதவிடுங்கள். உள்ளேயே ஊதினால் அது உங்களை விமானத்தின் தரையோடு ஒட்டவைத்துவிடும். அதனால்தான் தண்ணீர் பட்டதும் தானாக ஊதும் வகை விமானத்துக்கு ஆகாது. சட்டை உடம்பில் இருக்க வேண்டும். இருக்கைக்கு அடியில் இருப்பது கணக்கில் சேராது.

காகிதத்தில் படித்து இது வராது. கடலடி எண்ணெய்க் கிணறுகளுக்கு ஹெலிகாப்டரில் போகும் ஊழியர்களை, நீச்சல் குளத்தில் கூண்டோடு கவிழ்த்துப் பழக்குகிறார்கள். கொச்சியில் நம் கடற்படைக்கும் அத்தகைய கூடம் உண்டு. பயிற்சிக்குப் போகும் நாட்டில் அப்படி ஒரு வகுப்பைத் தேடி, முதல் பறத்தலுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

விபத்துக்குப் பிறகு

வெளியே வந்ததும் தலைகளை எண்ணுங்கள். எரிபொருள் மிதக்கும் இடத்திலிருந்து விலகி, விமானம் மிதந்தால் அதைப் பிடித்தபடி உதவிக்குக் காத்திருங்கள். கரை அருகில் தெரிந்தாலும் காயத்தோடு நீந்தத் தொடங்காதீர்கள். இந்தியாவில் என்றால் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்கும், 2012-இல் தொடங்கப்பட்ட விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவுக்கும் தகவல் போக வேண்டும். ஆட்களை மீட்பதற்கு அன்றி உடைந்த பாகங்களை இடம் மாற்றக் கூடாது. சக்கர நெம்புகோல் எந்த நிலையில் இருந்தது என்பதே விசாரணையின் முதல் கேள்வியாக இருக்கலாம்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

- நீருக்கடியிலிருந்து வெளியேறும் பயிற்சி கட்டணத்தில் சேர்ந்ததா, தனியா?
- சக்கரத்தை உள்ளிழுக்கும் விமானத்தில் பயிற்சியா, வெறும் மிதவையிலா? மிதவையில் தகுதி பெற்றுவிட்டு நீர்நில விமானத்துக்கு மாறினால், சக்கரப் பாடத்தை எத்தனை மணி நேரம் தருவீர்கள்?
- கண்ணாடித் தண்ணீரில் இறங்குவதை உண்மையான கண்ணாடித் தண்ணீரில் கற்றுத்தருவீர்களா, பாவனையாகவா?
- எந்தக் காற்றுக்கு, எந்த அலைக்குப் பயிற்சியை நிறுத்துவீர்கள்? அந்த எண் எங்கே எழுதியிருக்கிறது?
- மாணவரும் இன்ஸ்ட்ரக்டரும் மிதப்புச் சட்டை அணிந்தே பறப்பார்களா?

நான்காவது கேள்விக்கு ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று பதில் வந்தால் வேறு பள்ளி பாருங்கள். வானிலைக்கு எல்லை வகுக்காத இடத்தில் அதை நீங்கள்தான் தண்ணீரின் மேல் வகுக்க வேண்டியிருக்கும். முதல் வாரத்து மாணவருக்கு அந்த அனுபவம் இருக்காது.